"கூடுதலாகக் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கட்டுங்கள்" என்று கடிதம் வந்தால்: ஓய்வூதியர்களுக்கும் குடும்ப ஓய்வூதியர்களுக்கும் முழுமையான வழிகாட்டி

2024 அக்டோபர் முதல் வாரத்தில் அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. பழுப்பு நிற உறை, உள்ளே ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம், பின்னால் ஒரு கணக்குத் தாள். அப்பா மத்திய அரசு ஊழியராக இருந்து 2015 டிசம்பரில் ஓய்வு பெற்றவர். 2018-இல் காலமானார். அதிலிருந்து அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கிறது. அந்த ஓய்வூதியத்தில் 2,46,240 ரூபாய் கூடுதலாகப் போய்விட்டது, உடனே கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மாதாமாதம் பிடிப்போம் என்பதுதான் கடிதத்தின் சாரம். அம்மாவுக்கு அதில் புரிந்தது தொகை மட்டும். "நான் யார் பணத்தையும் எடுக்கலையேப்பா" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தார். மாதம் பிறந்ததும் வங்கிக் கணக்கில் வந்ததை எடுத்துச் செலவு செய்த ஒருவரிடம், பின்னால் ஒருநாள் அது உன் பணம் இல்லை என்று சொன்னால் வேறு எப்படி இருக்கும்?

அந்தக் கடிதத்தோடு அலைந்தபோது கற்றுக்கொண்டதையும், அதற்குப் பிறகு எங்கள் பகுதி ஓய்வூதியர்கள் பலருடைய கடிதங்களுக்குப் பதில் எழுத உதவியதில் தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். அலுவலகப் பேச்சில் இதற்கு "ரெக்கவரி" என்று பெயர். ரெக்கவரி கடிதம் வந்துவிட்டாலே பணம் போய்விட்டது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அப்படி இல்லை. அந்தக் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கிடக்கின்றன. கணக்கு சரியா என்பது ஒன்று. கணக்கு சரியாகவே இருந்தாலும் அதை உங்களிடம் பிடிக்கலாமா என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதல் கேள்விக்கு உங்கள் பாஸ்புக் பதில் சொல்லும், இரண்டாவதற்கு உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது.

முதல் நாள்: எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்

கடிதம் கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதிவையுங்கள். உறையைத் தூக்கிப் போட வேண்டாம், அஞ்சல் முத்திரை அதில்தான் இருக்கிறது. பிறகு கடிதத்தை நிதானமாகப் படித்து, வந்திருப்பது எந்த வகை என்று பாருங்கள். "ஏன் பிடிக்கக் கூடாது, விளக்கம் தருக" என்று கேட்கிறதா, அல்லது "பிடிக்க உத்தரவிடப்படுகிறது" என்கிறதா? முதலாவது என்றால் அதில் 15 நாள், 30 நாள் என்று ஒரு கெடு இருக்கும். அந்தக் கெடுவைத் தவற விட்டால் "விளக்கம் எதுவும் வரவில்லை" என்று எழுதிவிட்டு மேலே போய்விடுவார்கள். இரண்டாவது என்றால், விளக்கமே கேட்காமல் உத்தரவு போட்டதே உங்கள் முதல் ஆட்சேபமாகிவிடும். ஊழியருக்கு வாய்ப்புத் தராமல், பின்தேதியிட்டு அவர் ஊதியத்தைக் குறைப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று 1994-இல் ரயில்வே ஊழியர் பகவான் சுக்லாவின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

கடிதமே வராமல், ஒரு மாதம் ஓய்வூதியம் குறைந்து வருவதும் நடக்கிறது. அப்படியானால் அந்த மாதமே எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் "மேலிடத்து உத்தரவு" என்பதற்கு மேல் பதில் கிடைக்காது.

அடுத்தது சம்மதக் கடிதம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மாநில அரசு ஊழியர் ஒருவர் ஓய்வு பெறும் நேரத்தில் அவருடைய பணிப்பதிவேடு முழுதாகச் சரிபார்க்கப்படும். இருபது வருடத்துக்கு முன்னால் தேர்வுநிலை (ஒரே பதவியில் பல ஆண்டு இருந்ததற்கான ஊதிய உயர்வு) கொடுத்தபோதோ, ஊதியக்குழு மாறியபோதோ ஓர் இன்கிரிமென்ட் கூடுதலாகப் போட்டிருப்பதாகத் தணிக்கைத் தடை, அதாவது கணக்குத் தணிக்கையின் ஆட்சேபம், வரும். "பணிக்கொடையில் பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள் சார், கோப்பு நகர்ந்துவிடும்" என்பார்கள். ஓய்வூதியம் தள்ளிப்போகும் பயத்தில் அவரும் எழுதிக் கொடுப்பார். பின்னால் நீதிமன்றத்துக்குப் போனால் அந்த ஒரு வரிதான் முதலில் எடுத்துக் காட்டப்படும். எழுதித்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்தால், "என் ஆட்சேபத்துக்கு உட்பட்டு, என் சட்ட உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்" என்று சேர்த்து எழுதுங்கள். அதன் நகலில் தேதியோடு ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்குத் தாளைக் கேட்டு வாங்குவது

வெறும் மொத்தத் தொகையை மட்டும் போட்டுக் கடிதம் வந்தால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, மாதம் எவ்வளவு கொடுக்கப்பட்டது, எவ்வளவு கொடுத்திருக்க வேண்டும், எந்த விதியின்படி, தவறை யார் எப்போது கண்டுபிடித்தார்கள் என்பது எல்லாம் மாதவாரியாக வேண்டும். கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். கெடு நெருங்கினால், "ஆவணங்கள் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் தருக, அதுவரை பிடித்தம் வேண்டாம்" என்று அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

கொடுக்காமல் இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். தமிழ்நாடு அரசு அலுவலகம் என்றால் மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "ஏன் பிடிக்கிறீர்கள்" என்று கேள்வியாகக் கேட்காதீர்கள், அதற்குத் தகவல் இல்லை என்று திருப்பிவிடலாம். ஆவணமாகக் கேளுங்கள்: தணிக்கைத் தடையின் நகல், என் பணிப்பதிவேட்டின் பக்கங்கள், ஊதிய நிர்ணய ஆணை, நான் கொடுத்ததாகச் சொல்லப்படும் உறுதிமொழியின் நகல், கோப்புக் குறிப்புகள்.

எங்கே கேட்பது என்பதில் குழப்பம் வரும். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்குப் பணம் தருவது கருவூலம். சென்னையில் ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம். எவ்வளவு என்று நிர்ணயித்து ஆணை தருவது மாநிலக் கணக்காயர். ஊதியத்தை நிர்ணயித்தது நீங்கள் வேலை பார்த்த துறை. மத்திய அரசு ஓய்வூதியர் பலருக்கு வங்கியின் மத்திய ஓய்வூதியச் செயலாக்க மையம்தான் மாதாமாதம் கணக்குப் போட்டு அனுப்புகிறது. உங்கள் கிளை மேலாளருக்கு அதில் கை வைக்க அதிகாரம் கிடையாது. தவறு எந்தக் கட்டத்தில் நடந்ததோ அந்த அலுவலகத்துக்கு எழுதுங்கள், மற்றவர்களுக்கு நகல் அனுப்புங்கள்.

பென்சிலோடு உட்காருங்கள்

அம்மாவின் கணக்கை அப்படியே காட்டுகிறேன், முறை புரியும்.

ஏழாவது ஊதியக்குழு விகிதத்துக்கு மாற்றிக் கணக்கிட்டபோது அப்பாவின் கடைசி அடிப்படை ஊதியம் 40,000 ரூபாய். ஓய்வு பெற்ற பிறகு ஒருவர் இறந்தால், மத்திய அரசு விதிப்படி முதல் 7 ஆண்டுகள், அல்லது இறந்தவர் இருந்திருந்தால் அவருக்கு 67 வயது நிறையும் நாள் வரை, இரண்டில் எது முந்தியதோ அதுவரை, உயர்த்தப்பட்ட குடும்ப ஓய்வூதியம் உண்டு. அம்மாவுக்கு அது 50 சதவீதம், 20,000 ரூபாய். அதற்குப் பிறகு சாதாரண விகிதம், 30 சதவீதம், 12,000 ரூபாய். அப்பாவுக்கு 67 நிறைந்திருக்க வேண்டியது 2022 டிசம்பர். 2023 ஜனவரியிலிருந்து குறைத்திருக்க வேண்டும், குறைக்கவில்லை. வித்தியாசம் மாதம் 8,000, அதற்கு மேல் அகவிலைப்படி.

அகவிலைப்படி 2023 ஜனவரியில் 42 சதவீதம், ஜூலையில் 46, 2024 ஜனவரியில் 50. ஆகவே முதல் ஆறு மாதம் மாதத்துக்கு 11,360 வீதம் 68,160 ரூபாய். அடுத்த ஆறு மாதம் 11,680 வீதம் 70,080. அதற்கடுத்த ஆறு மாதம் 12,000 வீதம் 72,000. கூட்டினால் 2,10,240. கடிதத்தில் இருந்தது 2,46,240. மீதி 36,000 எங்கிருந்து வந்தது?

பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரவையும் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தேன். 2024 ஜூலை வரவு வந்ததும் கை நின்றுவிட்டது. அந்த மாதமே ஓய்வூதியம் குறைந்துதான் வந்திருக்கிறது. அம்மாவும் அப்போது "இந்த மாசம் கம்மியா இருக்கே" என்று சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் கணக்குத் தாளில் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதமும் பழைய தொகையே கொடுத்ததாகப் போட்டு, மாதம் 12,000 கூடுதல் என்று எழுதியிருந்தார்கள். கொடுக்காத 36,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். கணினி போட்ட கணக்கு, தப்பு இருக்காது என்று நினைத்திருந்தால் அதையும் கட்டியிருப்போம்.

அதனால் பாஸ்புக்கைத் தவறாமல் பதிவு செய்து வையுங்கள். பழைய பக்கங்கள் தொலைந்திருந்தால் வங்கியில் அந்தக் காலத்துக்கான கணக்கு அறிக்கை கேட்டு வாங்கலாம். சரிபார்க்கும்போது அகவிலைப்படி விகிதம் அந்தந்த மாதத்துடையதுதானா, நிலுவையாக வந்த தொகையை இரண்டு முறை எண்ணியிருக்கிறார்களா, ஏற்கெனவே பிடித்ததைக் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். உங்களுக்கு வர வேண்டியது ஏதாவது வராமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். 80 வயது நிறைந்தால் 20 சதவீதம், 85-இல் 30, 90-இல் 40 என்று கூடுதல் ஓய்வூதியம் உண்டு. பிறந்த தேதி தவறாகப் பதிவானதால் இது சீக்கிரமே வந்து ரெக்கவரி ஆன கதையும் உண்டு, வரவே வராமல் விட்டுப்போன கதையும் உண்டு.

தவறு யாருடையது?

இந்த இடத்தில் உங்களுக்கு நீங்களே உண்மையாக இருக்க வேண்டும். சட்டம் பாதுகாப்பது தெரியாமல் வாங்கியவர்களை. தகவலை மறைத்தோ, பொய் சொல்லியோ வாங்கிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஓய்வூதியர் இறந்ததைச் சொல்லாமல் ஏடிஎம் கார்டை வைத்து மாதாமாதம் எடுத்திருந்தால், வேலை கிடைத்த பிறகும் தகுதியில்லாத பிள்ளையின் பெயரில் குடும்ப ஓய்வூதியம் வாங்கியிருந்தால், பேசாமல் தவணை கேட்டுக் கட்டுவதுதான் வழி. இறப்புக்குப் பிறகு வந்த பணத்தை எடுப்பது குற்ற வழக்கு வரைக்கும் போகக்கூடிய விஷயம். துக்க வீட்டில் இது யாருக்கும் ஞாபகம் வராது என்பது தெரியும். ஆனாலும் இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் கருவூலத்துக்கும் வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.

அம்மாவின் விஷயத்தில் அப்பாவின் பிறந்த தேதி ஓய்வூதிய ஆணையிலேயே இருந்தது. எந்தத் தேதியில் குறைக்க வேண்டும் என்பதும் அதிலேயே அச்சாகியிருந்தது. மறைக்க ஒன்றுமே இல்லை. உங்கள் பதிலில் இந்த வகை வாக்கியம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்: தேவையான தகவல் எல்லாம் அலுவலகத்தின் கையிலேயே இருந்தது, நான் எதையும் மறைக்கவில்லை, தவறாக எதையும் சொல்லவில்லை.

உச்ச நீதிமன்றம் சொன்ன ஐந்து நிலைகள்

இந்த விஷயத்தில் ஒரே ஒரு பெயரை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் ரஃபீக் மசி. பஞ்சாப் மாநிலம் எதிர் ரஃபீக் மசி என்ற வழக்கில் 2014 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஊழியர் பக்கம் தவறு இல்லாமல் கூடுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தை எந்தெந்த நிலைகளில் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று அதில் ஐந்தாகச் சொல்லியிருக்கிறது.

மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களிடம், அதாவது சி, டி பிரிவினரிடம் பிடிக்கக் கூடாது. ஓய்வு பெற்றவரிடமோ, பிடிக்கும் உத்தரவு வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவரிடமோ பிடிக்கக் கூடாது. உத்தரவு வருவதற்கு முன் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கூடுதல் தொகை கொடுக்கப்பட்டுவந்திருந்தால் பிடிக்கக் கூடாது. கீழ்ப்பதவியில் இருக்க வேண்டியவரைத் தவறுதலாக மேல்பதவி வேலை பார்க்கவைத்து அதற்கான ஊதியம் கொடுத்திருந்தால், அதைப் பிடிக்கக் கூடாது. இவை எதிலும் வராவிட்டாலும், பிடிப்பது மிகக் கடுமையானது, அநீதியானது, பிடிக்கும் அரசின் உரிமையைவிட ஊழியருக்கு வரும் பாதிப்பு பெரிது என்று நீதிமன்றம் கருதினால் பிடிக்கக் கூடாது.

ஐந்தும் சேர்ந்து பொருந்த வேண்டியதில்லை, ஒன்று பொருந்தினால் போதும். அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு முதல் இரண்டும் பொருந்தும். ஏ பிரிவு அதிகாரி என்றால் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதையும் மூன்றாவதையும் பிடித்துக்கொள்ளுங்கள். உத்தரவின் தேதிதான் இங்கே எல்லாம். ஓய்வு பெற இன்னும் 14 மாதம் இருக்கும்போது வந்த உத்தரவுக்கும் 10 மாதம் இருக்கும்போது வந்த உத்தரவுக்கும் நடுவில் அவ்வளவு வித்தியாசம்.

இந்தத் தீர்ப்பை மத்திய அரசின் பணியாளர் துறையே 2016 மார்ச் 2 அன்று ஒரு குறிப்பாணையாக எல்லாத் துறைகளுக்கும் அனுப்பியிருக்கிறது. இந்த ஐந்து நிலைகளில் தள்ளுபடி செய்வதானால் நிதி அமைச்சகத்தின் செலவினத் துறையின் ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது அது. ஆகவே மத்திய அரசு ஓய்வூதியர் எழுதும்போது "பிடிக்காதீர்கள்" என்பதோடு நிறுத்தாமல், "அந்தக் குறிப்பாணைப்படி தள்ளுபடிக்கு என் கோப்பைச் செலவினத் துறைக்கு அனுப்புங்கள்" என்று கேளுங்கள். கீழ் அலுவலகத்தில் இருப்பவருக்குத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் இல்லை, அனுப்பும் கடமை இருக்கிறது.

பின்னால் வந்த தீர்ப்புகளும் உதவும். 2022 மே 2 அன்று தாமஸ் டேனியல் வழக்கில், 1999-இல் தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்ற கேரளக்காரர் ஒருவரிடம் பழைய இன்கிரிமென்ட் தொகையைப் பிடிப்பதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஊழியர் பொய் சொல்லியோ மோசடி செய்தோ வாங்காமல், அரசு விதியைத் தவறாகப் புரிந்துகொண்டோ தவறாகக் கணக்குப் போட்டோ கொடுத்திருந்தால் திரும்பக் கேட்பது நியாயமில்லை என்றது. அது ஊழியரின் உரிமை என்பதால் இல்லை, அவருக்கு நேரும் கஷ்டத்தைப் பார்த்து நியாய அடிப்படையில் தரும் நிவாரணம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அந்த வரி முக்கியம். உங்கள் கஷ்டத்தை நீங்கள் எடுத்துச் சொன்னால்தான் நிவாரணம் வரும். 2025 ஏப்ரலில் ஒடிசாவைச் சேர்ந்த ஓய்வு பெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தர்கள் தொடர்ந்த ஜோகேஸ்வர் சாஹு வழக்கிலும் இதே முடிவுதான்.

எதிர்ப் பக்கத்தில் காட்டும் தீர்ப்பும் தெரிந்திருக்க வேண்டும். 2012-இல் சண்டி பிரசாத் உனியால் வழக்கில், கூடுதலாகப் போனது வரி கட்டும் மக்களின் பணம், அதைத் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு வழக்கறிஞர் இதைத்தான் எடுப்பார். ரஃபீக் மசி அதற்குப் பிறகு வந்த தீர்ப்பு என்பது உங்கள் பதில்.

இன்னொன்று, பழையதைப் பிடிக்கக் கூடாது என்பதற்கு இனிமேலும் தவறான தொகையையே தர வேண்டும் என்று அர்த்தமில்லை. அம்மாவுக்கு 12,000 என்பதுதான் சரியான தொகை என்றால் இனி அதுதான் வரும். அதில் சண்டை போட்டுப் பயனில்லை. ஊதிய நிர்ணயமே சரி, தணிக்கை சொல்வதுதான் தவறு என்றால் அதைத் தனியாக வாதிட வேண்டும். மத்திய அரசு ஓய்வூதிய விதிகளில் இதற்கு ஒரு பிடி இருக்கிறது. ஒருமுறை இறுதி செய்த ஓய்வூதியத்தை, அலுவலகத்தில் நேர்ந்த எழுத்தர் பிழை (clerical error) கண்டுபிடிக்கப்பட்டால் தவிர ஓய்வூதியருக்குப் பாதகமாகத் திருத்தக் கூடாது. அந்தப் பிழையும் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு தெரியவந்தால் ஓய்வூதியத் துறையின் ஒப்புதல் இல்லாமல் குறைக்கக் கூடாது. 1972 விதிகளில் விதி 70 ஆக இருந்தது, 2021 விதிகளில் விதி 66.

உறுதிமொழி என்ற கண்ணி

ஊதியக்குழு மாறியபோது விருப்பப் படிவம் கொடுத்திருப்பீர்கள். அதன் அடியில் "கூடுதலாகக் கொடுத்திருப்பது தெரியவந்தால் திருப்பித் தருகிறேன்" என்று ஒரு வரி இருந்திருக்கும். 2016 ஜூலை 29 அன்று ஜக்தேவ் சிங் வழக்கில் இந்த வரிதான் தீர்ப்பை மாற்றியது. அவர் ஹரியானாவில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். உறுதிமொழி கொடுத்தபோதே திருப்பித் தர நேரலாம் என்று தெரிந்துதானே வாங்கினீர்கள், ஓய்வு பெற்றவர் என்ற பாதுகாப்பு இங்கே பொருந்தாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனாலும் தவணையில்தான் பிடிக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டு அவகாசம் தந்தது.

ஆகவே அவர்கள் உறுதிமொழி என்று சொன்னால் நகலைக் கேளுங்கள். எந்தத் தேதியில், எதற்காகக் கொடுத்தது என்று பாருங்கள். 2009-இல் ஊதியக்குழுவுக்குக் கொடுத்த உறுதிமொழி, 2013-இல் தேர்வுநிலை கொடுத்ததில் நடந்த தவறை மூடுமா? இதை வாதமாக வையுங்கள். ஓய்வூதியக் கணக்கு தொடங்கும்போது வங்கிக்குக் கொடுத்த உறுதிமொழியும் இதே போலத்தான். வங்கிகள் அதைத்தான் காட்டும். ஆனால் ரிசர்வ் வங்கி 2021 ஜனவரியில், கூடுதல் ஓய்வூதியத்தைப் பிடிப்பது பற்றித் தான் முன்பு அனுப்பிய சுற்றறிக்கைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிடிப்பதானால் ஓய்வூதியத்தை அனுமதித்த அரசுத் துறையிடம் கேட்டு நடக்க வேண்டும், தவறு வங்கியுடையது என்றால் ஓய்வூதியரிடம் பணம் வரட்டும் என்று காத்திராமல் வங்கி முதலில் அரசுக்குக் கட்டிவிட வேண்டும் என்றது. வங்கியிடமிருந்து கடிதம் வந்தால், "துறையின் உத்தரவு நகலைக் காட்டுங்கள்" என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

பதில் எழுதுவது

நீளமாக எழுத வேண்டாம். இரண்டு பக்கம் போதும். அம்மாவுக்காக நான் எழுதியதன் சுருக்கம் இது:

"தங்கள் கடிதம் 4-ஆம் தேதி கிடைத்தது. கணக்குத் தாளில் 2024 ஜூலை முதல் செப்டம்பர் வரை கூடுதல் கொடுத்ததாகக் காட்டியிருப்பது தவறு. அந்த மாதங்களில் குறைக்கப்பட்ட தொகையே வரவாகியிருக்கிறது, பாஸ்புக் நகல் இணைத்திருக்கிறேன். மீதித் தொகையைப் பொறுத்தவரை, எந்தத் தேதியில் ஓய்வூதியம் குறைய வேண்டும் என்பது தங்களிடம் உள்ள ஆணையிலேயே இருந்தது. நான் எதையும் மறைக்கவில்லை. வந்த தொகையை என் உரிமை என்று நம்பி மருத்துவத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் செலவிட்டுவிட்டேன். எனக்கு வயது 64, வேறு வருமானம் இல்லை. ரஃபீக் மசி வழக்கின் தீர்ப்பின்படியும் 2016 மார்ச் 2 குறிப்பாணையின்படியும் இத்தொகையைத் தள்ளுபடி செய்ய உரிய துறைக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். முடிவு வரும்வரை பிடித்தம் செய்ய வேண்டாம். நேரில் விளக்கம் தர வாய்ப்புத் தருக."

அதில் மருந்துச் செலவுக்கான ரசீதுகளையும், மாத வாடகை விவரத்தையும் சேர்த்தேன். கஷ்டம் என்று ஒரு சொல் எழுதுவதைவிட சர்க்கரை மருந்துக்கான பில் ஒன்று அதிகம் பேசும். விரைவு அஞ்சலில் ஒப்புகையோடு அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும்.

பதில் போன பிறகும் பிடித்தம் தொடங்கிவிட்டால்

மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சிபென்கிராம்ஸ் என்ற இணையதளம் இருக்கிறது, புகார் எண்ணோடு துறைக்கே போகும். தமிழ்நாட்டில் 1100 என்ற முதல்வர் உதவி மையத்தில் பதியலாம். மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஓய்வூதியர் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். கருவூல அதிகாரியும் துறை அதிகாரியும் ஒரே அறையில் இருப்பார்கள், "அது எங்கள் வேலை இல்லை" என்று ஒருவர் மேல் ஒருவர் தள்ள முடியாது. வங்கி கணக்குத் தாள் தர மறுத்தாலோ, அறிவிப்பே இல்லாமல் பிடித்தாலோ, முதலில் வங்கிக்கே எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

அம்மாவின் விஷயத்தில், முதல் பதிலுக்கு ஒன்றும் வரவில்லை. நினைவூட்டல் கடிதத்துக்குப் பிறகு 36,000 ரூபாயை ரெக்கவரித் தொகையிலிருந்து நீக்கிவிட்டதாக இரண்டு வரியில் பதில் வந்தது. மீதிக்குத் துறையின் முடிவு வரும்வரை பிடித்தம் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த மாதம் குறையாமல் வந்த 12,000-மும் அகவிலைப்படியும் பாஸ்புக்கில் ஏறிய பிறகுதான் அம்மா பழையபடி தூங்கினார்.

நீதிமன்றம் போவது

மத்திய அரசு ஊழியரும் ஓய்வூதியரும் போக வேண்டிய இடம் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், அதன் சென்னை அமர்வு. உத்தரவு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். மேல்முறையீடாக மனு கொடுத்து ஆறு மாதமாகியும் பதில் இல்லை என்றால், அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஓராண்டு. முப்படையினருக்கு ஆயுதப் படைகள் தீர்ப்பாயம். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு இப்போது தனித் தீர்ப்பாயம் இல்லை, ஆகவே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. தென் மாவட்டங்களும் திருச்சி, தஞ்சாவூர் போன்றவையும் மதுரைக் கிளைக்கு வரும். ரிட் மனுவுக்கு நாள் கணக்காகக் கெடு இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். பிடித்து முடித்த பிறகு போனால், இடைக்காலத் தடை கேட்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

வழக்கறிஞர் செலவை நினைத்தே பலர் விட்டுவிடுகிறார்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்தான். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், தொலைபேசி 15100. ஒரே தணிக்கைத் தடையில் பத்துப் பேருக்குக் கடிதம் வந்திருந்தால் சங்கத்தின் மூலம் ஒரே வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டித்தான் ஆக வேண்டும் என்றால்

எல்லாம் பார்த்த பிறகும் கட்ட வேண்டிவந்தால் ஒரே தவணையில் கட்ட ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மாதச் செலவைப் பட்டியலிட்டு, எவ்வளவு தாங்குமோ அந்தத் தொகையை நீங்களே சொல்லிக் கேளுங்கள். அவர்கள் ஒரு தொகை சொல்லி நீங்கள் குறைக்கச் சொல்வதைவிட இது எளிது. எத்தனை தவணை, எந்த மாதம் முடியும் என்று எழுத்தில் வாங்குங்கள். முடியும் மாதத்தை நாட்காட்டியில் குறித்துவையுங்கள், ஏனென்றால் தொகை தீர்ந்த பிறகும் பிடித்தம் நிற்காமல் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். கடைசித் தவணை போன பிறகு "நிலுவை இல்லை" என்று ஒரு கடிதம் கேட்டு வாங்கி, அந்தப் பழைய உறையோடு சேர்த்து ஓய்வூதிய ஆணை இருக்கும் பைலிலேயே வையுங்கள்.